இரண்டு காதும் தெரியணும்

முப்பத்தைந்து மில்லிமீட்டர் அகலம், நாற்பத்தைந்து மில்லிமீட்டர் உயரம். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவரை அக்கா அந்தக் கட்டத்துக்குள் வைத்துத்தான் பார்க்கிறார். தலைக்கு மேலே இடம் சரியாக இருக்கிறது. தோள்கள் ஒரே மட்டம். இடது காதைத்தான் முடி மறைக்கிறது. அக்கா அந்தக் காதையே பார்க்கிறார். இரண்டு நிறுத்தங்கள் தாண்டுவதற்குள் எதிர் சீட்டுப் பெண்ணுக்கு என்னவோ போல் ஆகி, தானாகவே முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொள்கிறார். அக்கா தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்து ஆளிடம் போகிறார்.

வயது முப்பத்தெட்டு. பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு எதிரே, ஒரு ஸ்டூலும் ஒரு வெள்ளைத் திரையும் வைத்தால் நிறைந்துவிடும் ஸ்டூடியோவில், பதினோரு வருஷம் பாஸ்போர்ட் போட்டோ மட்டுமே எடுத்தவர். கல்யாணம், பிறந்தநாள் பக்கமெல்லாம் போனதில்லை. அதெல்லாம் தம்பியின் இலாகா. எந்த நாட்டுக்கு வெள்ளைப் பின்னணி, எந்த நாட்டுக்கு லேசான சாம்பல், யார் கண்ணாடியைக் கழற்றச் சொல்வார்கள், யார் பல் தெரிந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். உலக வரைபடத்தை விரித்து வைத்தால் பாதி நாடு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. போட்டோ அளவைச் சொன்னால் நாட்டின் பெயரைச் சொல்லிவிடுவார்.

இத்தனை பேரை அனுப்பி வைத்தவர் ஒருநாள் தன்னையே அனுப்பி வைத்தார். புகைப்படம் படிக்க, கடல் தாண்டி ஒரு பெருநகரத்துக்கு, ஒரு வருஷப் படிப்பு. விசாவுக்கு ஸ்டூலில் அவர் உட்கார, தம்பி எடுத்தான். காதோரம் நிழல் விழுந்திருக்கிறது என்று படம் திரும்பி வந்தது. அந்தக் கடை வரலாற்றில் திரும்பி வந்த ஒரே படம் அதுதான்.

"ஆளு அப்படி, நான் என்ன பண்றது?" என்று தம்பி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இங்கே அவர் தங்கியிருப்பது ஒரு சலவைக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், இரண்டு கட்டில் போட்ட அறை. மறு கட்டில் ஒரு நர்ஸுடையது. நம் ஊர்ப் பெண், வயது இருபத்தொன்பது, ஆறு வருஷமாக இந்த நகரத்தில் இருக்கிறார். கதவுக்குப் பின்னால் டியூட்டி அட்டவணையை ஒட்டி வைத்திருக்கிறார். அக்கா வந்த அன்று பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன் அந்த அட்டவணையின் மூலையில் இருந்த நர்ஸின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இதை எடுத்தது யாரும்மா? தாடை தூக்கியிருக்கு பாரு" என்றார். "வணக்கம்கூட சொல்லலக்கா நீங்க" என்றார் நர்ஸ். பாஸ்போர்ட் அக்கா என்ற பெயர் அன்றைக்கே விழுந்தது.

அந்த நாட்டு மொழியில் அவர் முதலில் கற்றுக்கொண்டவை தொழிலுக்கு வேண்டிய வாக்கியங்கள். உட்காருங்கள். நேரே பாருங்கள். தாடையைக் கொஞ்சம் கீழே. கண்ணைச் சிமிட்டாதீர்கள். சரியாக இருக்கிறதா? முதல் மாதம் முழுவதையும் இவற்றை வைத்தே ஓட்டினார். பஸ்ஸில் நின்றுகொண்டிருந்த பெரியவருக்கு இடம் கொடுக்கும்போது "உட்காருங்கள், நேரே பாருங்கள்" என்று சேர்த்தே வந்துவிடும். அவரும் இறங்கும்வரை நேரே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். 'முடிந்தது' என்பதற்கு மட்டும் அவர் புதிய சொல் தேடவில்லை. படம் எடுத்ததும் "ஆச்சு" என்பார். எந்த நாட்டவரும் எழுந்துவிடுகிறார்கள்.

ஊர் அவருக்குப் பிடிபட்டது வெளிநாட்டவர் பதிவு அலுவலக வரிசையில்தான். முன்னால் நின்றவர் கையில் வைத்திருந்த போட்டோவை எட்டிப் பார்த்து, கண்ணாடியில் விளக்கு பளிச்சிடுவதைக் காட்டி, "இது திரும்பிடும்" என்று தமிழிலேயே சொன்னார். அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. அரைமணி நேரத்தில் கவுண்டரில் இருந்து திரும்பி வந்தபோது புரிந்திருந்தது. நேரே அக்காவிடம் வந்து நின்றார். அதற்குப் பிறகு அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் தங்கள் போட்டோவை அக்காவிடம் காட்டிவிட்டே கவுண்டருக்குப் போனார்கள். காவலாளி வந்து என்ன கூட்டம் என்று விசாரித்துவிட்டு, தன் சட்டைப் பையில் இருந்து தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

கல்லூரியில்தான் கதை வேறு.

வகுப்பில் பதினெட்டுப் பேர். பெரும்பாலோர் அக்காவின் வயதில் பாதி. அவர்கள் எடுப்பது மழைத் தண்ணீர், படிக்கட்டு நிழல், ஜன்னல் கம்பி, போகிற ஆளின் முதுகு. "இங்க எல்லாரும் முதுகைத்தான் எடுக்கறாங்கடா" என்று தம்பியிடம் போனில் சொன்னார். "முகத்தை எடுத்தா அவங்ககிட்ட கேக்கணும். முதுகுக்கு யாரைக் கேக்கறது?"

"அப்ப பாஸ்போர்ட்டுல முதுகை ஒட்டச் சொல்லு. எனக்கும் வேலை சுலபம்" என்றான் தம்பி.

முதல் பருவ முடிவில் ஆளுக்குப் பன்னிரண்டு படங்களைச் சுவரில் மாட்ட வேண்டும். தெருவில் கண்ட மனிதர்கள் என்பது தலைப்பு. அக்கா ஆறு வாரம் அலைந்து பன்னிரண்டு பேரை எடுத்தார். பழக்கடைக்காரர், தெரு கூட்டுபவர், நாயோடு நடக்கும் பெண், ஏணி மேல் நின்று பெயர்ப்பலகை எழுதும் ஆள். பன்னிரண்டு பேரும் நிமிர்ந்து நின்றார்கள். பன்னிரண்டு தாடைகளும் ஒரே உயரத்தில் இருந்தன. இருபத்துநாலு காதுகளும் தெரிந்தன. ஏணிக்காரர் ஏணி மேலேயே திரும்பி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் தாடிக்காரர். அவர் சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். திரும்பி நடந்தார். பிறகு, இவர்களெல்லாம் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. பக்கத்துப் பெண் மெதுவாக விளக்கிச் சொன்னபின் அக்காவும் சிரித்தார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. சரியாகத்தானே சொல்கிறார்.

ஆனால் கையில் கொடுத்த சீட்டில் சிரிப்பு இல்லை. தேறவில்லை என்று இருந்தது. ஆறு வாரத்தில், மறுபடி பன்னிரண்டு படங்களோடு, இன்னொரு வாய்ப்பு. அதிலும் தேறாவிட்டால் படிப்பு நிற்கும். படிப்பு நின்றால் கல்லூரி குடியேற்ற அலுவலகத்துக்கு எழுதும். அந்த அலுவலகம் எத்தனை நாளில் கிளம்பச் சொல்லும் என்பது அக்காவுக்குத் தெரியும். பதினோரு வருஷம் அப்படித் திரும்பி வந்தவர்கள் மறுபடியும் அவர் ஸ்டூலில்தான் வந்து உட்கார்ந்தார்கள்.

"உன் ஸ்டூலு அப்படியேதான் இருக்கு" என்றான் தம்பி. ஆறுதலா கேலியா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"அதை எடுத்துப் பரண்ல போடு" என்றார் அக்கா.

மனம் சரியில்லாதபோது சிலர் வீட்டைப் பெருக்குவார்கள். அக்கா பாஸ்போர்ட் போட்டோ எடுத்தார். கல்லூரியில் கேமராவும் முக்காலியும் இரவல் வாங்கி வந்தார். சலவைக் கடைக்காரரிடம் ஒரு வெள்ளை விரிப்பைக் கேட்டு வாங்கி, கடையின் பின்சுவரில் கட்டினார். ஒரு ஸ்டூல் போட்டார். துணி சுழன்று முடிய முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் யாருக்குப் போட்டோ வேண்டுமோ அவர்கள் உட்காரலாம். பதிவு அலுவலக வரிசையில் அவரை அறிந்தவர்கள் சொல்லி மற்றவர்களும் வந்தார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பத்தொரு பேர். நர்ஸுக்கும் ஆஸ்பத்திரி அடையாள அட்டைக்குப் புதுப் படம் தேவைப்பட்டது. டியூட்டி முடிந்து வந்த சூட்டோடு அவரும் உட்கார்ந்தார்.

"தாடை கீழே. முடியை ஒதுக்கு. இரண்டு காதும் தெரியணும்."

"காது தெரிஞ்சா சம்பளம் ஏத்துவாங்களாக்கா?"

"வாயை மூடு. நேரே பாரு. ஆச்சு."

இரண்டாவது ஞாயிறு மாலை எல்லாப் படங்களையும் சேர்த்துக் கணினியில் ஏற்றியபோதுதான் கோளாறு தெரிந்தது. நாற்பத்தொரு பேருக்கு எண்பத்திரண்டு படங்கள். கேமராவை முன்பு இரவல் வாங்கிய மாணவர் யாரோ அதில் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ஒருமுறை அழுத்தினால் உடனே ஒரு படம், நான்கு விநாடி கழித்துத் தானாக இன்னொரு படம். சத்தமில்லாத கேமரா. அக்கா "ஆச்சு" சொல்லித் திரும்பிய பிறகும் அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

வேஸ்ட் என்று அழிக்கத்தான் போனார். முதல் இரண்டை அழித்தும்விட்டார். மூன்றாவதில் கை நின்றது.

அது பதிவு அலுவலகக் காவலாளியுடையது. முதலில் எடுத்ததில் அவர் விறைப்பாக இருந்தார். இரண்டாவதில் மூச்சை விட்டுவிட்டு, ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுநர் தன் இரு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தாய் பாதி எழுந்த நிலையில், நின்றுவிட்ட சலவை இயந்திரத்தின் பக்கம் திரும்பியிருந்தார். அரசாங்கத்துக்குக் கொடுக்க வைத்திருந்த முகத்தை ஒவ்வொருவரும் கழற்றிவிட்டு, மறு முகத்தை எடுத்து மாட்டுவதற்கு முன் இருந்த இடைவெளி அது. பதினோரு வருஷமாக அக்கா தினமும் பார்த்த முகம்தான். அந்த நேரத்தில் அவர் கை எப்போதும் அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

"யாருக்கா இது?" என்று பின்னாலிருந்து நர்ஸ் கேட்டார்.

திரையில் இருந்தது அவர்தான். தலை சாய்ந்து, கழுத்தின் பின்புறத்தை ஒரு கை அழுத்திக்கொண்டிருந்தது. கண்கள் தரையில் எங்கோ பதிந்திருந்தன. இருபத்தொன்பது என்று யாரும் சொல்லமாட்டார்கள். எண்பத்திரண்டு படங்களில் அதுதான் சிறந்தது.

"நீதான்."

நர்ஸ் திரையருகே குனிந்தார். "அழிச்சிடுங்க."

"நல்ல படம்டி. கல்லூரிச் சுவத்துல மாட்டலாம்."

"படம் நல்லாத்தான் இருக்கு. நான்தான் நல்லா இல்ல." நர்ஸ் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட வீடியோல பேசறேன்ல? முகம் கழுவாம ஒருநாள் பேசியிருக்கனா? ஆறு வருஷமா எங்கம்மா இந்த முகத்தப் பாத்ததில்ல. உங்க சுவத்துல ஊரே பாக்கணுமா?"

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அக்கா அந்தப் படத்தைக் கணினியில் அழித்தார். கேமரா அட்டையிலும் அழித்தார். பிறகு விளக்கைப் போட்டு, மீதிப் படங்களைப் பார்க்க உட்கார்ந்தார்.

ஸ்டூடியோவில் ஒரு விதி உண்டு. படத்தை வாடிக்கையாளரிடம் காட்டி, சரியா இருக்கா என்று கேட்டு, அவர் தலையாட்டினால்தான் அச்சுக்குப் போகும். ஆட்டாவிட்டால் மறுபடி ஸ்டூல். அந்த விதியை அக்கா இங்கேயும் கொண்டுவந்தார். தேறிய பதினாறு படங்களைக் கல்லூரியில் சிறிதாக அச்சிட்டு, பையில் போட்டுக்கொண்டு ஆட்களைத் தேடிப் போனார். காவலாளி சிரித்துவிட்டுத் தலையாட்டினார். ஓட்டுநர் பஸ்ஸை நிறுத்தத்தில் போட்டுவிட்டு, பயணிகள் காத்திருக்க, நிதானமாகப் பார்த்துத் தலையாட்டினார். ஒருவர் வாங்கிக் கிழித்துப் போட்டார். இன்னொருவர் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். மூன்று பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. தலையாட்டியவர்கள் பதினொரு பேர்.

ஒன்று குறைந்தது. புதிதாக எடுக்கலாம் என்று மறு ஞாயிறு விரிப்பைக் கட்டினார். சரிவரவில்லை. இப்போது அவருக்கே விஷயம் தெரியுமே. "ஆச்சு" என்று சொல்லும் குரலில் முடிந்த தொனி இல்லை. உட்கார்ந்தவர்கள் எழாமல், இன்னும் என்ன என்பது போல அவரையே பார்த்தார்கள்.

"காணாமப் போன மூணு பேர்ல ஒருத்தரை மாட்டிடு. அந்த லாரிக்காரர் படம் பிரமாதம்னு நீதானே சொன்ன?" என்றான் தம்பி.

"அவர் இன்னும் தலையாட்டலையே."

"அங்க யாருக்கா பாக்கப் போறாங்க?"

"லாரிக்காரர் பாப்பார்" என்று சொல்லி அக்கா போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமை பதினொரு படங்களை மாட்டினார். பன்னிரண்டாவது ஆணி வெறுமனே இருந்தது. தாடிக்காரர் இந்த முறை நடக்கவில்லை. காவலாளி முழங்காலைப் பிடித்திருக்கும் படத்தின் முன்னால் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பிறகு ஆணியைக் காட்டி, இது யார் என்று கேட்டார். அக்கா தனக்குத் தெரிந்த மொழியில் சொன்னார். ஒரு படம் இருந்தது. காட்டினேன். வேண்டாம் என்றார்கள். அழித்துவிட்டேன். பின்வரிசையில் ஒரு மாணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தாடிக்காரர் சீட்டை எடுத்தார், எழுதவில்லை. பன்னிரண்டு என்பது கல்லூரி விதி, தன்னுடையது அல்ல என்றார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த ஆணியில் படம் இருந்தால் கையெழுத்துப் போடுவதாகவும், இல்லையென்றால் போட முடியாது என்றும் சொல்லிவிட்டு அடுத்த சுவருக்குப் போனார்.

வாசல் பக்கம் நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார். வெறும் ஆணிக்கு முன்னால் வந்து நின்றார். அதைத் தடவிப் பார்த்தார்.

"உன் படத்தை மாட்டியிருப்பேன்னு நினைச்சியா?"

"ஆமா." நர்ஸ் மறைக்கவில்லை. "லீவு போட்டு சண்டை போடன்னே வந்தேன். வர்ற வழியெல்லாம் என்ன பேசணும்னு யோசிச்சிட்டே வந்தேன். எல்லாம் வீணாப் போச்சு."

"இப்ப திட்டேன். கேட்டுக்கறேன்."

"ஒண்ணும் தோணல." பிறகு கேட்டார்: "எப்ப அழிச்சீங்க?"

"நீ குளிச்சிட்டு இருக்கும்போது."

ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வந்தார்கள். அன்றைக்கு அக்கா யார் காதையும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை கையெழுத்து விழாவிட்டால் பெட்டியில் எதை முதலில் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். வரும்போது அடைத்து வந்த ஊறுகாயும் பொடியும் தீர்ந்துவிட்டன, இரவல் முக்காலியைக் கல்லூரி வாங்கிக்கொள்ளும், ஆகவே கொஞ்சம் இடம் மிஞ்சும் என்ற அளவுக்குக் கணக்குப் போட்டிருந்தார்.

சனிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு அறைக் கதவு திறந்தது. டியூட்டி முடிந்து வந்த நர்ஸ் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கீழே சலவைக் கடையில் கிடந்த ஸ்டூலைத் தானே மூன்று மாடி தூக்கி வந்திருந்தார். அதை ஜன்னல் பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

"எடுங்க."

அக்கா கட்டிலில் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "வராதுடி. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. 'ஆச்சு'ன்னா நீ சிரிப்ப."

"ஆச்சு கீச்செல்லாம் வேணாம். காலைல ஆறு மணியிலேர்ந்து நின்னுட்டே இருக்கேன். எந்த முகம் இருக்கோ அதை எடுங்க."

"அம்மா?"

"நாளைக்கு ஞாயிறுதானே. முகம் கழுவாமப் பேசிப் பாக்கறேன். என்னன்னு கேட்டா சொல்றேன்." நர்ஸ் கழுத்தின் பின்புறத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "சீக்கிரம்க்கா. உக்காந்தா தூக்கம் வருது."

அக்கா முக்காலியை விரித்தார். கேமராவைப் பொருத்தினார். நான்கு விநாடி ஏற்பாட்டை அணைத்தார். ஜன்னல் வெளிச்சம் நர்ஸின் ஒரு கன்னத்தில் விழுந்தது. தாடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தோள்கள் இரண்டு மட்டத்தில் இருந்தன. அவிழ்ந்த முடிக்கற்றை ஒன்று இடது காதை முழுக்க மூடிக்கொண்டு விழுந்திருந்தது.

அக்கா இரண்டடி முன்னால் போனார். கை தானாகவே நீண்டு அந்த முடிக்குப் பக்கத்தில் போனது. நர்ஸ் கண்ணைத் தூக்கி அந்தக் கையைப் பார்த்தார். விரல்கள் காதருகே ஒரு கணம் நின்றன. பிறகு கையை இழுத்துக்கொண்டு, வந்த இரண்டடியையும் பின்னால் போய், கேமராவுக்குக் குனிந்தார்.

எடுத்ததைக் காட்டி, "சரியா இருக்கா?" என்று கேட்டார். நர்ஸ் வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

கல்லூரி அச்சு அறை திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குத் திறக்கும்.